துண்டு வெட்டிய பிறகு

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்பது எமது முன்னோர் சொல். விருந்துக்கு அது பொருந்தும். சத்திரசிகிச்சைக்குப் பின்னர் வரும் நாட்களுக்கு அது பொருந்தாது. ஆயினும் எமது கிராமங்களில் கூலிக்குப் போகும் ஒருவர் வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்தால், மூன்றாம் நாள் அவரும் எழும்பப் பார்க்கிறார், வீட்டாரும் அவர் எழும்புவார் என்று எதிர்பார்க்கிறார்கள். தையல் காயுமுன் அவர் வலை இழுக்கிறார், மூடை தூக்குகிறார், சைக்கிள் மிதிக்கிறார். பிறகு காயம் பழுதாகி மீண்டும் வாட்டுக்குப் போகிறார். “ஒப்பரேசன் பிழைத்துப் போச்சு” என்று ஊர் பேசுகிறது. அதைக் கேட்ட வேறு இருவர் தங்கள் நோயை மறைத்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

பிழைத்தது சத்திரசிகிச்சை அல்ல; ஓய்வு கிடைக்காமற் போனதே பிழை என்பது எமது கருத்து. இதை ஒரு குறிப்பிட்ட நோயை வைத்துச் சொல்ல விரும்புகிறோம். பொதுவெளியில் பேசக் கூச்சப்படும் நோய் அது. ஆகவேதான் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

புழுவும் வீக்கமும்

யானைக்கால் நோயை எல்லோருக்கும் தெரியும். அதே புழு ஆண்களின் விதைப்பையிலும் நீர் கோக்கச் செய்யும் என்பதைப் பலர் அறியார். ஊரில் இதனை ஓதம் என்பார்கள். நுளம்பின் மூலம் உடலுக்குள் வரும் நூல் போன்ற புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் தங்கி வளர்கின்றன. பெண்புழு எட்டு முதல் பத்து சென்ரிமீற்றர் நீளம் வரை வளரும். ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை உயிர் வாழும். ஆண்களில் இப்புழுக்கள் தங்க விரும்பும் இடங்களுள் ஒன்று விதைகளுக்குச் செல்லும் நிணநீர்க் குழாய்கள். 1994 இல் பிரேசில் நாட்டின் ரெசிபே நகர ஆய்வாளர்கள், விதைப்பையை அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்தபோது உயிருள்ள புழுக்கள் நெளிவதைத் திரையிலேயே கண்டார்கள். வெளியே எந்த நோய்க்குறியும் இல்லாத ஆண்களிடமும் அவை இருந்தன.

குழாய்கள் விரிந்து பழுதானதும் விதையைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் சேர்கிறது. முதலில் எலுமிச்சம்பழம் அளவில் இருக்கும் வீக்கம் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேங்காய் அளவுக்கும் பெருக்கலாம். புழுக்கள் செத்துப் போனாலும் வீக்கம் தானாக வற்றுவதில்லை. குளிசை நோய் பரவுவதைத் தடுக்கும். பெருத்துவிட்ட ஓதத்தைக் கரைக்காது. ஊசி குத்தி நீரை எடுத்தால் சில வாரங்களில் அல்லது மாதங்களில் அது மீண்டும் ஊறிவிடும்; கிருமி தொற்றும் ஆபத்தும் உண்டு. சத்திரசிகிச்சை செய்து அந்த உறையை வெட்டி அகற்றுவதே நிலையான வழி. விதை அகற்றப்படுவதில்லை. ஆண்மை போய்விடும் என்ற பயத்துக்கு இடமில்லை. நடக்கவும், தொழில் செய்யவும், குடும்ப வாழ்வு நடத்தவும் முடியாமல் இருந்தவர் பழைய நிலைக்குத் திரும்பவே இச்சிகிச்சை உதவுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விதைப்பையில் வரும் வீக்கம் எல்லாம் ஓதம் அல்ல. ஓதம் எல்லாம் நுளம்பால் வருவதும் அல்ல. குடல் இறக்கமாக இருக்கலாம், வேறு கட்டியாகவும் இருக்கலாம். எதுவென்று சொல்ல வேண்டியவர் வைத்தியர். ஊர்ப் பரியாரியோ கடையில் நிற்கும் நண்பரோ அல்ல.

அரசு செய்த பங்கு

இலங்கையில் இந்நோய் நிலைகொண்டிருந்தது எட்டு மாவட்டங்களில்: கொழும்பு, கம்பஹா, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, புத்தளம், குருநாகல். யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் 1947 இல் தொடங்கியது. இரவு நேரத்தில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சென்ற உத்தியோகத்தர்களைப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புழுவின் குஞ்சுகள் இரவில்தான் மேல் இரத்தத்துக்கு வரும் என்பதால் அவர்களும் இரவில் வந்தார்கள். 2002 முதல் 2006 வரை இந்த எட்டு மாவட்டங்களிலும் ஆண்டுக்கு ஒரு தடவை மக்கள் அனைவருக்கும் இரு வகைக் குளிசைகள் வழங்கப்பட்டன. 2016 இல் உலக சுகாதார தாபனம், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோயை இலங்கை நீக்கிவிட்டது என்று உறுதிசெய்தது.

இது சிறிய சாதனை அல்ல. யுத்தம், சுனாமி எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் ஏழை நாடு இதனைச் செய்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் தொண்டர்களும் வாசற்படி ஏறிக் குளிசை கொடுத்ததாலேயே இது முடிந்தது.

ஆனால் நோய் பரவுவது ஓய்ந்தது வேறு, நோயாளர் குணமடைவது வேறு. முன்னரே வீங்கிய காலும் விதைப்பையும் 2016 இல் வற்றிவிடவில்லை. உலகெங்கும் இரண்டரைக் கோடி ஆண்களுக்கு இந்நோயால் ஓதம் உண்டு என்று உலக சுகாதார தாபனம் கணக்கிட்டுள்ளது. வீங்கிய நிலையில் உள்ளோருக்குப் பராமரிப்பும் சத்திரசிகிச்சையும் கிடைக்க வேண்டும் என்பதும் அத்தாபனத்தின் திட்டத்தில் ஒரு பாதி. எமது நாட்டில் அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் உள்ள ஆதார வைத்தியசாலையிலேயே இதனைச் செய்யலாம்.

சிகிச்சை இலவசம், அது கைக்கெட்டிய தூரத்திலும் உண்டு. அப்படியானால் ஏன் ஒருவர் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு சாரத்துக்குள் அதை மறைத்துக்கொண்டு திரிகிறார்?

வெட்கம் ஒன்று, வயிறு ஒன்று

முதற் காரணம் வெட்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். கேலிப் பெயர் வைப்பார்கள் என்ற பயம், மகளின் கலியாணப் பேச்சு குழம்பும் என்ற பயம், தாதியரின் முன் சாரத்தைத் தளர்த்த வேண்டுமே என்ற கூச்சம். ஆனால் வெட்கத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. வெட்கத்துக்குப் பின்னால் வயிறு நிற்கிறது.

இச்சிகிச்சைக்குப் பின்னர் வைத்தியர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரையைக் கவனிப்போம். முதல் சில நாட்கள் படுக்கையில் ஓய்வு. விதைப்பையைத் தாங்கிப் பிடிக்கும் இறுக்கமான உள்ளாடை. காயம் ஈரமாகாமற் பார்த்தல். எண்ணெய், பச்சிலை, சாம்பல் எதுவும் பூசாதிருத்தல். கொடுத்த மருந்தை நாள் முடியும்வரை எடுத்தல். கிளினிக்குக்குத் தவறாமற் போதல். நாலு முதல் ஆறு வாரம் வரை பாரம் தூக்காதிருத்தல், சைக்கிள் மிதிக்காதிருத்தல், தாம்பத்திய உறவைத் தவிர்த்தல். சிகிச்சை செய்த இடம் சில வாரங்கள் வீங்கித் தடித்து இருப்பது வழமை. வீக்கம் திரும்பிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் முதல் ஓரிரு நாட்களில் அது வேகமாகப் பெருத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் வடிந்தாலோ, தாங்க முடியாத வலி எடுத்தாலோ உடனே வைத்தியசாலைக்குத் திரும்ப வேண்டும். நீரிழிவு உள்ளவருக்குக் காயம் ஆறப் பிந்தும். அவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இதில் எந்த அறிவுரையும் கடினமானதல்ல, ஒன்றைத் தவிர. மாதச் சம்பளம் வாங்குபவருக்கு நாலு வாரம் என்பது லீவுக் கடதாசி. நாட்கூலிக்காரருக்கு அது நாலு வாரப் பட்டினி. கரைவலை இழுப்பவர், தேங்காய் உரிப்பவர், மூடை சுமப்பவர், மண் வெட்டுபவர், மரம் ஏறுபவர் ஆகிய இவர்களது தொழிலே பாரம் தூக்குவது. “பாரம் தூக்காதே” என்று அவர்களுக்குச் சொல்வது “உழைக்காதே” என்று சொல்வதுதான். அந்த மாதத்தில் கடைக்கடன் ஏறும். அடகுக்குப் போன சங்கிலி திரும்பாது. பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போகவும் கூடும்.

ஆகவே அவர் கணக்குப் பார்க்கிறார். ஓதத்தோடு மெல்ல மெல்ல உழைத்தால் பாதிக் கூலியாவது வரும். சிகிச்சைக்குப் போனால் ஒரு மாதம் ஒன்றும் வராது. இந்தக் கணக்கில் அவர் எடுக்கும் முடிவை அறியாமை என்று நாம் பெயரிடுவது நியாயமல்ல. அவருக்குக் கணக்குத் தெரியும். அந்தக் கணக்கில் ஊரின் பங்கு என்று ஒரு வரி இல்லாததுதான் குறை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் 1990களில் புதுச்சேரி ஆராய்ச்சியாளர்கள் இந்நோயால் இழக்கப்படும் உழைப்பை ஆராய்ந்தார்கள். நீண்டகால நோயாளர் தொழில் நாட்களை இழக்கிறார்கள், தொழிலுக்குப் போகும் நாட்களிலும் குறைந்த நேரமே உழைக்கிறார்கள் என்பது அந்த ஆய்வுகளில் தெரிந்தது. பாதிக் கூலி என்று நாம் சொன்னது வெறும் பேச்சல்ல. சிகிச்சையைத் தள்ளிப் போடுபவர் ஒரு மாதத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிப் பல ஆண்டுகளைச் சிறிது சிறிதாக இழக்கிறார்.

பாயின் பக்கத்தில் இருப்பவர்

ஓய்வின் பாரத்தை இன்று சுமப்பவர் யார்? மனைவி. கணவன் வாட்டில் இருக்கும்போது பஸ் ஏறிச் சோறு கொண்டு போகிறவர் அவர். வீட்டுக்கு வந்தபின் வெந்நீர் வைப்பவரும், துணி கழுவுபவரும், மருந்து நேரம் பார்ப்பவரும் அவரே. அதே மாதத்தில் வெங்காயம் கிண்டவோ, கருவாடு காயவைக்கவோ, பிறர் வீட்டில் சமைக்கவோ போய்க் கூலி கொண்டுவர வேண்டியவரும் அவர்தான். நோயின் பெயரைச் சொல்ல முடியாதபடியால் அயலாரிடம் உதவி கேட்கவும் அவருக்கு வாய் வருவதில்லை. “அவருக்குக் கொஞ்சம் சுகமில்லை” என்பதோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறார். ஆண்களின் நோய் என்று இதை எழுதும்போது இந்தப் பெண்களை மறந்துவிடக் கூடாது.

இறந்தவருக்குக் கொடுக்கும் சங்கம்

எமது கிராமங்களில் மரண உதவிச் சங்கம் இல்லாத ஊர் அரிது. மாதச் சந்தா சேர்க்கிறோம். ஒருவர் கண் மூடினால் பந்தல், கதிரை, தேநீர், பெட்டி எல்லாம் ஒரு மணி நேரத்தில் வந்து சேர்கின்றன. சாதி, கட்சி, சமயம் பார்க்காமல் ஊர் திரளுகிறது. இது எமது பண்பாட்டின் பெருமைகளுள் ஒன்று. ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். இனி எழும்பவே மாட்டாதவருக்கு இவ்வளவு செய்யும் சங்கம், ஒரு மாதத்தில் எழும்பி உழைக்கப் போகிறவருக்கு ஏன் ஒன்றும் செய்வதில்லை?

முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோருக்கு அரச கொடுப்பனவுகள் உண்டு. அவை போதுமா என்பது வேறு பேச்சு. ஆனால் ஒரு மாதம் மட்டும் பாயில் கிடந்து பின்னர் உழைக்கப் போகிற நாட்கூலிக்காரர் அவற்றுள் அடங்க மாட்டார். அவர் நிரந்தர நோயாளருமல்ல, சுகதேகியுமல்ல. இந்த இடைவெளியை ஊர்தான் நிரப்ப வேண்டும். அரசு நிரப்பும் வரை காத்திருந்தால் ஓதம்தான் பெருக்கும்.

எமது யோசனை எளியது. மரண உதவிச் சங்கமோ, கிராம அபிவிருத்திச் சங்கமோ, மாதர் சங்கமோ, எது உங்கள் ஊரில் ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிறதோ அதற்குள் ஓய்வு நிதி என்று ஒரு தனிப் பக்கம் திறக்கலாம். சந்தாவில் ஒரு சிறு பங்கை அதற்கு ஒதுக்கலாம். சத்திரசிகிச்சை முடிந்து வரும் அங்கத்தவரின் வீட்டுக்கு நாலு வாரத்துக்கு அரிசி, பருப்பு, மா, சீனி, பால்மா என்று பொருளாகக் கொடுக்கலாம். காசாகக் கொடுத்தால் அது பழைய கடனுக்குப் போய்விடக் கூடும். பொருள் அடுப்புக்குப் போகும்.

இரண்டாவது, உழைப்பாகக் கொடுத்தல். வயல் வேலையில் ஆளுக்கு ஆள் மாறி உதவும் வழக்கம் எமக்குப் புதிதல்ல. அவருடைய தோட்டத்துக்குத் தண்ணீர் கட்ட ஒருவர், மாட்டைக் கட்டி அவிழ்க்க ஒருவர், கரைவலையில் அவருடைய இடத்தில் நின்று இழுத்து அவருடைய பங்கை வீட்டுக்கு அனுப்ப ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை.

மூன்றாவது, காலம் பார்த்துச் செய்தல். ஓதத்துக்கான சிகிச்சை பெரும்பாலும் அவசரமானதல்ல. வைத்தியரோடு பேசி நாள் குறிக்கலாம். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் எப்படியும் தோணிகள் கரையில் கிடக்கின்றன. கமக்காரருக்குப் பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோக விதைப்புத் தொடங்குமுன் சிறிது மூச்சு விடும் காலம் உண்டு. அந்த நாட்களைக் குறிவைத்தால் இழப்புப் பாதியாகும். நோயாளர் ஒவ்வொருவரும் தனியே யோசிக்கும்போது இது தோன்றுவதில்லை. சங்கம் யோசித்தால் தோன்றும்.

நாலாவது, வாயைக் காத்தல். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். சங்கப் பதிவேட்டில் “சத்திரசிகிச்சை” என்று மட்டும் இருந்தாற் போதும். எந்த இடத்தில், என்ன நோய் என்று கூட்டத்தில் வாசிக்கத் தேவையில்லை. வைத்தியசாலைத் துண்டைத் தலைவரும் பொருளாளரும் மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம். குடல் இறக்கத்துக்கு, கர்ப்பப்பைச் சத்திரசிகிச்சைக்கு, கண் வெண்படலத்துக்குப் போகிறவர்களுக்கும் அதே பக்கத்தில் இடம் இருந்தால், ஓதக்காரர் யார் என்று எவரும் விரல் நீட்ட முடியாது. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள எமது வாசகர்கள், இந்த நோய் எங்கள் பக்கம் இல்லையே என்று இக்கட்டுரையைத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்பதும் அதனாலேயே. நோய் மாறலாம், நாட்கூலிக்காரரின் நாலு வாரம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

வரக்கூடிய ஆட்சேபங்கள்

“குடும்பமும் சகோதரங்களும் பார்க்க வேண்டியதை ஊர் ஏன் பார்க்க வேண்டும்?” என்று சிலர் கேட்பார்கள். பார்க்க வசதியுள்ள குடும்பம் பார்க்கட்டும். ஏழையின் அண்ணனும் பெரும்பாலும் ஏழைதான். அவரும் அதே கரைவலையில்தான் இழுக்கிறார்.

“பொய் சொல்லி நிதியை எடுப்பார்கள்” என்று இன்னும் சிலர் சொல்வார்கள். சத்திரசிகிச்சையைப் பொய்யாகச் செய்துகொள்பவர் எவருமில்லை. துண்டு இருக்கிறது, தையல் இருக்கிறது, நாலு வாரம் என்ற எல்லையும் இருக்கிறது. கடன் சங்கங்களில் நாம் எதிர்கொள்ளும் ஏமாற்றை விட இதில் ஏமாற்றுக் குறைவு.

“நோயே ஒழிந்துவிட்டதே, இனி ஏன்?” என்பார்கள் வேறு சிலர். பரவல் அடங்கியது உண்மை. ஆனால் பழைய வீக்கங்கள் இன்னும் இருக்கின்றன. நுளம்பும் போய்விடவில்லை. மலசலகூடக் குழி, அடைபட்ட கான், தேங்காய் மட்டை ஊறப்போட்ட குழி ஆகிய அழுக்கு நீரில்தான் இந்த நுளம்பு பெருகுகிறது. இதற்கு இனமான வேறொரு புழு, 1960களின் பின் இலங்கையில் மறைந்துவிட்டதாக எண்ணப்பட்டது, இந்த நூற்றாண்டில் மீண்டும் தலைகாட்டியுள்ளது. நாய், பூனைகளிலும் அது காணப்படுகிறது. ஆகவே மலக்குழியின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டுவதும், கானைத் துப்புரவாக்குவதும், இரவில் நுளம்பு வலைக்குள் படுப்பதும் குணமடைந்தவருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் தேவையான மருந்துகளே. ஓய்வில் இருப்பவரைப் பார்க்கப் போகும் தொண்டர் அவருடைய வளவையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம்.

பிறர் செய்திருக்கிறார்கள்

இது நடக்குமா என்று சந்தேகிப்பவர்களுக்கு ஓர் உதாரணம். பிரேசிலின் ரெசிபே நகரில், மருத்துவர் கெருசா டிரையர் அம்மையாரும் உடன் உழைத்தோரும் யானைக்கால் நோயாளரைச் சேர்த்து நம்பிக்கைக் கழகங்கள் என்ற பெயரில் குழுக்கள் அமைத்தார்கள். அங்கே கால் வீக்கம் உள்ளோர் ஒன்றுகூடினார்கள். காலைக் கழுவித் துடைத்துப் பராமரிக்கும் முறையை ஒருவருக்கொருவர் கற்பித்தார்கள். காலுக்கு ஒருநாட் சிகிச்சை இல்லை. ஆயுள் முழுதும் பராமரிக்க வேண்டும். மருத்துவரால் தினமும் வீட்டுக்கு வர முடியாது, அயலவரால் முடியும். அங்கே வீட்டைவிட்டு வெளியே வராதிருந்தவர்கள் கழகத்துக்கென்று வெளியே வந்தார்கள். பணக்கார நாட்டில் நடந்ததல்ல இது. வெட்கம் தனிமையில் வளர்கிறது, கூட்டத்தில் கரைகிறது என்பதே அங்கிருந்து நாம் எடுக்கக் கூடிய பாடம்.

ஒரு நோயை நாடு வெல்வதற்கு அறிவியலும் அரசாங்கமும் வேண்டும். ஒரு நோயாளர் எழும்புவதற்கு அயலும் வேண்டும். முன்னதை இந்த நாடு நன்றாகச் செய்து காட்டியது. பின்னதைச் செய்ய வெளிநாட்டு உதவி தேவையில்லை, பெரிய திட்ட அறிக்கையும் தேவையில்லை.

உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் வழமையான விடயங்கள் முடிந்து தேநீர் வருமுன் ஒருவர் எழுந்து இதை முன்மொழியட்டும். நாலு வாரத்துக்கு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு அரிசி வேண்டும் என்று அங்கேயே கணக்குப் போடுங்கள். சபையின் பின்வரிசையில், சாரத்தைச் சற்றுத் தாழக் கட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் ஒருவர் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். அடுத்த கிழமை அவர் கிளினிக்குக்குப் போவதற்கு அந்தக் கணக்கே போதுமானதாயிருக்கும்.